சின்ன ஒட்டோ கியர் காருக்குப் பின்னால் ஒரு பெட்டி

யாழ்ப்பாணத்தில் பெட்டி இழுப்பது என்றால் ரக்டரும் லான்ட்மாஸ்டரும்தான் நினைவுக்கு வரும். கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கிற எங்கள் ஆட்களுக்கோ காருக்குப் பின்னால் ஆறடிப் பெட்டி கொழுவிக்கொண்டு போவது சாதாரண விசயம். லீவுக்கு வந்து நிற்கும்போது, "உங்கட காரிலயும் ஒண்டு பூட்டலாமே?" என்று கேட்பார்கள். நாலு மூடை சீமெந்துக்கும் ஒரு கட்டுக் கிடுகுக்கும் ஒவ்வொரு முறையும் வாடகை வாகனம் தேடுகிற வீட்டுக்காரருக்கு அந்த யோசனை பிடிக்கத்தான் செய்யும்.

"இஞ்ச மலையே இருக்கு? தட்டைத் தரைதானே, சின்னக் கார் இழுக்கும்" என்ற பேச்சும் கூடவே வரும். அங்கேதான் கவனம் வேண்டும். ஏற்றம் இல்லாதது எஞ்சினுக்கு உதவும். பிறேக்குக்கும் கியர்பொக்ஸில் ஏறுகிற சூட்டுக்கும் அது பெரிதாக உதவாது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025இல்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் ஏறிய விலையை நினைத்தால், முற்றத்தில் நிற்கிற சின்னக் கார்தான் பல குடும்பங்களின் பெரிய சொத்து. அதன் கியர்பொக்ஸைச் சில மூடைகளுக்காக எரிக்கக் கூடாது; அதைவிட, பின்னால் வருகிறவரின் உயிரோடு விளையாடக் கூடாது. அதற்காகவே இந்தக் குறிப்புகள்.

1. முதலில் காரின் கையேட்டைப் பாருங்கள். பல சிறிய கார்களின் கையேட்டில், இந்த வாகனம் ஆட்களையும் சாதாரணப் பொதிகளையும் ஏற்றுவதற்காகச் செய்யப்பட்டது, பெட்டி இழுப்பதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை என்று எழுதியிருக்கும். யப்பானிலிருந்து நேரே வந்த கார் என்றால் புத்தகமும் யப்பானிய மொழியில்தான் இருக்கும். தூக்கி எறியாமல், கைத்தொலைபேசிக் கமராவால் மொழிபெயர்த்துப் படியுங்கள். ஒரே கார், ஒரே எஞ்சின் என்றாலும் கை கியருக்கு ஒரு எடையும் ஒட்டோ கியருக்கு அதைவிடக் குறைந்த எடையும் போட்டிருப்பது உண்டு. உங்கள் காருக்குரிய வரியைத்தான் பார்க்க வேண்டும். வேண்டாம் என்று அச்சடித்திருந்தால் வேண்டாம். 660 சி.சி. வேகன் ஆர், ஆல்டோ வகைக் கார்களை இந்தக் கணக்கிலிருந்து முழுதாகவே விட்டுவிடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. எண்ணூறு கிலோவும் நிறையாத காருக்குப் பின்னால் என்னத்தைக் கொழுவினாலும் அது காரை ஆட்டிப் படைக்கும்.

2. கையேடு இடம் கொடுத்தால் அடுத்தது எடைக் கணக்கு. பிரித்தானியாவில் பிறேக் இல்லாத பெட்டிக்கு ஒரு விதி இருக்கிறது: பெட்டியும் சுமையும் சேர்ந்து 750 கிலோவைத் தாண்டக் கூடாது, காரின் வெற்று எடையில் பாதியையும் தாண்டக் கூடாது, இரண்டில் எது குறைவோ அதுதான் எல்லை. இதை எங்கள் ஊருக்கும் எடுத்துக்கொள்வது நல்லது. ரொயோட்டா விட்ஸ் 1.0 ஏறத்தாழ ஆயிரம் கிலோ. பாதி 500. இரும்புச் சட்டம் போட்ட ஆறுக்கு நாலடிப் பெட்டியே 180 கிலோ வரும். மிச்சம் 320. தாளில் அது ஆறு மூடை சீமெந்து. ஒட்டோ கியருக்கு நான் நாலு மூடையோடு நிறுத்தச் சொல்வேன். கையேட்டில் உள்ள எல்லை இதைவிடக் குறைவு என்றால் கையேடு சொல்வதே முடிவு.

3. காருக்குள் இருப்போரும் கணக்கில் சேர்வார்கள். ஐந்து பேர் ஏறி, டிக்கியில் அரிசி மூடையும் வைத்துவிட்டுப் பெட்டியையும் இழுக்க ஏலாது. பெட்டி கொழுவுகிற நாளில் சாரதியும், இறங்கி வழிகாட்ட ஒருவரும் போதும்.

4. பெட்டியைப் புதிதாக அடிப்பிக்கிறீர்களா? வெல்டிங் கடையில் ரக்டருக்கு அடிக்கிற பழக்கத்தில் தடித்த இரும்பைப் போட்டுவிடுவார்கள். 3 மில்லிமீற்றர் இரும்புத் தகடு ஆறுக்கு நாலடித் தளத்துக்கு மட்டும் 52 கிலோ வரும். அதே தளத்துக்கு 12 மில்லிமீற்றர் பிளைவூட் போட்டால் 16 கிலோவுக்குள் முடியும். விளிம்புகளுக்கு நல்ல வார்னிஷ் அடித்து, மழை தேங்காமல் நாலு துளையும் போட்டுவிட்டால் பலகை நெடுநாள் கிடக்கும். சட்டம் உறுதியாக இருக்கட்டும். தளமும் பக்கங்களும் இலேசாக இருக்கட்டும். பெட்டியில் குறைக்கிற ஒவ்வொரு கிலோவும் சுமைக்குக் கிடைக்கிறது.

5. லான்ட்மாஸ்டர் பெட்டியை இரவல் வாங்கிக் காரில் கொழுவவே கூடாது. அதற்கு வில் இல்லை, லைற் இல்லை. ஆறுதலாக ஊர்ந்து போவதற்கென்று செய்த சில்லும் அச்சும் அது. 40 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்தால் அந்த அடி முழுவதும் காரின் பின்பக்கத்துக்கு வரும்.

6. மணல் கொஞ்சமாகத் தெரியும், எடை பயங்கரமாக இருக்கும். எங்கள் ஊரில் கியூப் கணக்கில் பேசுகிறோம். ஒரு கியூப் என்றால் 100 கன அடி. காய்ந்த மணலே நாலரை தொன் வரும். ஆறுக்கு நாலடிப் பெட்டியில் ஓர் அங்குல உயரத்துக்கு மணல் பரப்பினால் ஏறத்தாழ 90 கிலோ. இரண்டு அங்குலம் போட்டாலே விட்ஸுக்குப் போதும். ஈர மணல் இன்னும் கனக்கும். பெட்டியின் உட்பக்கத்தில் இரண்டு அங்குல உயரத்தில் சிவப்புப் பெயின்ரால் ஒரு கோடு கீறி வையுங்கள். ஏற்றிவிடுகிறவர் மண்வெட்டியை நிறுத்த வேண்டிய இடம் அவருக்கும் தெரியும். மணலை அனுமதிப்பத்திரம் இல்லாமல் கொண்டு போவது குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம். மரத் தடிகளுக்கும் அனுமதி தேவைப்படலாம். பிரதேச செயலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள்.

7. தண்ணீர் லீற்றருக்கு ஒரு கிலோ. தீவுப்பகுதிக்குத் தண்ணீர் கொண்டு போகிறவர்கள் 200 லீற்றர் பீப்பாய் ஒன்றை நிறைத்தால் அதோடு சுமை முடிந்தது. பாதி நிறைந்த பீப்பாய் நிறைந்ததைவிட மோசம். திரும்பும்போதும் பிறேக் பிடிக்கும்போதும் தண்ணீர் ஒரு பக்கமாக ஓடிப் பெட்டியைத் தள்ளும். இருபது லீற்றர் கான்களில் வாய் வரை நிறைத்து, நெருக்கி அடுக்கிக் கட்டுங்கள்.

8. கொழுவும் சட்டத்தைப் பம்பரில் பூட்டக் கூடாது. பம்பர் பிளாஸ்ரிக், அதற்குள் இருப்பதும் மோதலைத் தாங்குகிற மெல்லிய தகடு. காரின் அடித்தளத்தில் இரு பக்கமும் நீளமாக ஓடுகிற கட்டையோடு, போல்ற் போட்டு, உட்பக்கத்தில் அகலமான தகடு வைத்து இறுக்க வேண்டும். அந்தக் காருக்கென்றே செய்த சட்டம் கிடைத்தால் அதையே வாங்குங்கள். காரில் நேரே வெல்டிங் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். சூட்டில் தகடு இளகும், துருவுக்கும் அது வாசல். ஹைபிரிட் காரின் அடியில் செம்மஞ்சள் நிற உறை போட்ட வயர் ஓடும். அதில் உயர் மின்னழுத்தம் இருக்கிறது. அதற்குக் கிட்ட ட்ரில்லைக்கூடக் கொண்டு போக விடாதீர்கள்.

9. குமிழின் அளவைப் பாருங்கள். காரின் பின்னால் நிற்கிற இரும்புக் குமிழ் ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் 50 மில்லிமீற்றர். கனடாவிலும் அமெரிக்காவிலும் இரண்டு அங்குலம், அதாவது 50.8 மில்லிமீற்றர், அங்கே அதைவிடச் சிறிய 1⅞ அங்குல வகையும் உண்டு. வித்தியாசம் மில்லிமீற்றருக்கும் குறைவு என்று தள்ளிவிட வேண்டாம். கொள்கலனில் வீட்டுச் சாமானோடு வந்த கனடாப் பெட்டியின் கவ்வி 50 மில்லிமீற்றர் குமிழில் ஆடும். ஆடிக்கொண்டே இருக்கிற கவ்வி ஒரு நாள் கழன்று விடும். இலண்டனிலிருந்து வந்த கவ்வியை இரண்டு அங்குலக் குமிழில் சுத்தியலால் தட்டி ஏற்றுவதும் பிழை. குமிழிலும் கவ்வியிலும் அளவு பொறித்திருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். கொழுவிய பிறகு பெட்டியின் முன்தண்டை மேலே தூக்கிப் பாருங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால் பிடித்திருக்கிறது.

10. காப்புச் சங்கிலி இரண்டு வேண்டும். முன்தண்டுக்குக் கீழே ஒன்றுக்கொன்று குறுக்காகப் போடுங்கள். கவ்வி கழன்றாலும் தண்டு சங்கிலியில் விழுந்து தங்கும். றோட்டில் குத்தி நிற்காது. திரும்புவதற்கு வேண்டிய அளவு நீளம் இருந்தால் போதும், தார் றோட்டில் உரசக் கூடாது. நைலோன் கயிறு சங்கிலியாகாது.

11. இனிச் சுமையை ஏற்றுகிற விதம். மாட்டு வண்டில் ஏற்றிய பெரியவர்கள் முன்பாரம், பின்பாரம் என்று பார்ப்பார்கள். பின்பாரம் கூடினால் நுகம் மேலே எழும்பி மாட்டின் கழுத்தை நெரிக்கும். முன்பாரம் கூடினால் மாடு நடக்காது. இரண்டு சில்லுப் பெட்டிக்கும் அதே கணக்குத்தான். பெட்டியும் சுமையும் சேர்ந்த எடையில் நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை குமிழின் மேல் இறங்க வேண்டும். மொத்தம் 350 கிலோ என்றால் குமிழில் 25 முதல் 35 கிலோ. குளியலறைத் தராசை எடுத்து, மேலே ஒரு கட்டையை நிறுத்தி, முன்தண்டைக் குமிழின் உயரத்தில் அந்தக் கட்டையில் வைத்தால் எடை தெரிந்துவிடும். கனமான மூடைகளை அச்சுக்கு மேலும் அதற்குக் கொஞ்சம் முன்னாலும் தாழ்வாக வையுங்கள். பின் விளிம்பில் கனத்தை வைத்தால் குமிழ் மேலே இழுபடும், காரின் பின் சில்லுகள் நிலத்தை இறுகப் பிடிக்காது, பெட்டி வாலாட்டத் தொடங்கும். நான் கேள்விப்பட்ட பெட்டி விபத்துகளில் அதிகமானவை வேகத்தாலும் பின்பாரத்தாலும் வந்தவை. இந்த ஒரு குறிப்பை மட்டும் செய்தாலும் பாதி ஆபத்து போய்விடும்.

12. உங்கள் ஒட்டோ கியர் எந்த வகை என்று தெரியாமல் பெட்டி கொழுவாதீர்கள். வெளியே எல்லாவற்றுக்கும் இரண்டு மிதிதான். உள்ளே வேறு வேறு.

பழைய விட்ஸ், முதல் பெரோடுவா அக்ஸியா போன்றவற்றில் நாலு கியர், எண்ணெயால் சக்தி கடத்துகிற பழைய முறை. பெட்டி இழுப்பதில் சின்ன ஒட்டோக்களில் இதுதான் பொறுமைசாலி. ஓவர்டிரைவ் பொத்தான் இருந்தால் அதை நிறுத்தி மூன்றாம் கியரில் ஓட்டுங்கள். மூன்றுக்கும் நாலுக்கும் இடையே மாறி மாறித் தடுமாறும்போதுதான் சூடு ஏறும்.

புதிய விட்ஸ் போன்றவற்றில் சி.வி.ரி. இரண்டு கப்பிகளுக்கு இடையே ஓர் உருக்குப் பட்டி நெருங்கியும் விரிந்தும் ஓடும். அந்தப் பட்டி வழுக்கினால் கப்பியின் முகம் கீறுபடும். கீறுபட்டதைத் திருத்த முடியாது, மாற்றத்தான் வேண்டும். நின்ற இடத்திலிருந்து எழும்பும்போது அக்சிலேற்றரை ஒரேயடியாக மிதிக்காதீர்கள். முட்டை ஓடு நசுங்காத அளவுக்கு மெதுவாக அழுத்தி, கார் உருண்ட பிறகு கூட்டுங்கள்.

இந்திய சுசுகிகளில் வரும் ஏ.ஜி.எஸ். உண்மையில் கை கியர்தான். கிளச்சை மிதிக்கும் வேலையைக் கார் தானே செய்கிறது. சரிவில் அக்சிலேற்றரால் காரைப் பிடித்து வைத்தால் கிளச் எரியும். பிறேக்கால் பிடியுங்கள். மணம் வந்தால் உடனே நிறுத்தி ஆற விடுங்கள். முதல் தலைமுறை ஹொண்டா ஃபிட் ஹைபிரிட்டுக்குப் பின் வந்த மாதிரியில் இரட்டைக் கிளச், அதுவும் எண்ணெயில் தோயாத உலர் கிளச். ஊர்ந்து ஊர்ந்து போவது அதற்குப் பகை. அந்தக் காரில் பெட்டியே வேண்டாம் என்பேன்.

13. கியர் எண்ணெய் விசயத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். சி.வி.ரி.க்கு அதற்கென்று சொன்ன எண்ணெயை மட்டும் ஊற்றுங்கள்; சாதாரண ஒட்டோ கியர் எண்ணெய் ஊற்றினால் பட்டிக்குப் பிடிப்புப் போய்விடும். கையேட்டில் கடும் பாவனைக்கென்று ஒரு தனி அட்டவணை இருக்கும். பெட்டி இழுத்தால் நீங்கள் அந்த அட்டவணைக்குள் வந்துவிட்டீர்கள். பங்குனி, சித்திரை வெய்யிலில் நண்பகல் பயணத்தைத் தவிர்த்துக் காலை ஏழு மணிக்குள் சுமையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நல்ல வழக்கம். எஞ்சின் சூட்டு முள் எழும்பினால் ஏ.சி.யை நிறுத்துங்கள், ஓரமாக நிழலில் விட்டு, எஞ்சினை அணைக்காமல் பார்க்கில் போட்டுச் சில நிமிடம் ஆற விடுங்கள்.

14. வேகம்: 40 போதும். திறந்த நல்ல றோட்டில் 50. அறுபதில் ஓடும் வண்டியை நிறுத்தப் பிறேக் விழுங்க வேண்டிய சக்தி, நாற்பதில் ஓடுவதை நிறுத்த வேண்டியதைப் போல இரண்டேகால் மடங்கு. பெட்டிக்குத் தன் பிறேக் இல்லை. அதன் தள்ளலையும் காரின் சின்னப் பிறேக்கே தாங்க வேண்டும். முன்னால் போகிற வாகனத்துக்கு வழக்கமாக விடுகிற இடைவெளியை இரட்டியுங்கள். ஓட்டோக்காரர் உள்ளே நுழைவார். நுழையட்டும், மறுபடி பின்வாங்கி இடைவெளி எடுங்கள். சந்திக்கு முன்னால் டி-க்குக் கீழே உள்ள எல் அல்லது எஸ் நிலைக்கு மாற்றினால் எஞ்சினும் இழுத்துப் பிடிக்கும்.

15. எங்களுக்கு மலை இல்லை, காற்று இருக்கிறது. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும். பண்ணைப் பாலம், வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போகிற கடற்பாதை, பொன்னாலைப் பாலம், 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலம், வடமராட்சிக்குப் போகிற வல்லை வெளி: இங்கெல்லாம் காற்றைத் தடுக்க ஒரு பனைகூட இல்லாத நீட்டுகள் உண்டு. ஆனையிறவில் ஏ-9 வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடுவதால் சோளகம் நேர் குறுக்கே விழும். எதிர்க்காற்றில் போவதும் ஏற்றம் ஏறுவது போலவே கியர்பொக்ஸைச் சூடாக்கும்.

காற்றுக்குப் பயப்பட வேண்டியது சீமெந்து மூடையை அல்ல, கிடுகையும் வெறும் பெட்டியையும்தான். உயரமாக அடுக்கிய கிடுகுக் கட்டு பாய் மாதிரிக் காற்றைப் பிடிக்கும். பெட்டியின் பக்கங்களுக்கு மேல் ஓரடிக்கு மேல் அடுக்காதீர்கள். படங்கை இறுக்கிக் கட்டுங்கள்; ஒரு மூலை அவிழ்ந்து படபடத்தால் அதுவே பெட்டியை ஆட்டும். வெறும் பெட்டியின் ரயருக்குச் சுமை நாளில் அடிக்கிற காற்றையே விட்டால் பள்ளத்தில் துள்ளித் துள்ளி வரும். பாலத்தில் ஏறுமுன் 30க்கு இறக்குங்கள். எதிரே பஸ் வந்தால், அது கடக்கும் கணத்தில் காற்று சட்டென்று நின்று மறுபடி அடிக்கும். ஸ்ரியறிங்கை இரு கையாலும் பிடித்திருங்கள்.

16. பெட்டி வாலாட்டத் தொடங்கினால் பிறேக்கை மிதிக்காதீர்கள். ஸ்ரியறிங்கை வெட்டி நிமிர்த்தவும் பார்க்காதீர்கள். அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்து, ஸ்ரியறிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாக இறங்க விடுங்கள். ஆட்டம் அடங்கியதும் ஓரமாக நிறுத்திச் சுமையை முன்னுக்குத் தள்ளுங்கள். தள்ளாமல் தொடர்ந்து ஓடினால் மறுபடி வரும்.

17. ரயில் கடவைகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரைக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரைக்கும் ரயில் திரும்பி வந்தது. பளை, மிருசுவில், கொடிகாமம் பக்கம் ரயில் பாதையும் ஏ-9உம் அருகருகே ஓடுகின்றன. உள் ஒழுங்கையிலிருந்து வந்து தண்டவாளத்தைக் கடந்தால் உடனே பெரிய றோட்டு. காரின் மூக்கு ஏ-9இல் இடம் கிடைக்கக் காத்திருக்க, பெட்டி தண்டவாளத்தின் மேல் நிற்கும்! விட்ஸும் பெட்டியும் சேர்ந்தால் ஏறத்தாழ ஏழு மீற்றர். அப்பால் அந்த ஏழு மீற்றருக்கும் இடம் இருக்கிறது என்று கண்ணால் கண்ட பிறகே தண்டவாளத்தில் ஏறுங்கள். கடவை மேடாகவும் இருக்கும், ஏ.ஜி.எஸ். கார் அந்த மேட்டில் கியர் மாற்ற ஒரு கணம் தயங்கும். முதலாம் கியரில் வைத்தே கடந்துவிடுங்கள். நின்றால் எஞ்சின் தானாக அணைகிற வசதி உள்ள கார் என்றால் பெட்டி கொழுவியதும் அந்தப் பொத்தானை நிறுத்திவிடுங்கள்.

18. பின்னுக்கு எடுப்பது பழக்கத்தால் மட்டும் வரும். ஸ்ரியறிங்கின் அடியில் கையை வையுங்கள். கை போகிற பக்கமே பெட்டியின் பின்பக்கமும் போகும். முன்தண்டு குறுகிய சின்னப் பெட்டி நீளப் பெட்டியைவிடச் சட்டென்று மடங்கும். மடங்கத் தொடங்கினால் முன்னுக்குப் போய் நேராக்கி மறுபடி தொடங்குங்கள். அடம்பிடித்தால் கவ்வி பம்பரை உடைக்கும். முதலில் வெறும் பெட்டியோடு ஒரு திறந்த வெளியில் பழகுங்கள். பின்னுக்கு எடுக்கும்போது தானே பிறேக் பிடிக்கிற புதிய கார்கள் பெட்டியைத் தடையென்று நினைத்து நின்றுவிடும். அந்தச் சென்சரை நிறுத்தும் பொத்தானைத் தேடி வையுங்கள்.

இரு பக்கமும் கதியால் வேலி அடைத்த ஒழுங்கைக்குள் நுழையுமுன், திரும்ப இடம் இருக்கிறதா என்று நடந்துபோய்ப் பாருங்கள். இல்லையென்றால் சந்தியிலேயே பெட்டியைக் கழற்றிக் கையால் தள்ளிக்கொண்டு போவது சுலபம். இலேசான பெட்டியின் பெரிய வசதியே அதுதான். படலைக்குள் திரும்பும்போது கார் போகிற வளைவைவிடப் பெட்டி உள்ளே வெட்டிக்கொண்டு வரும். மதில் தூணுக்கு வழக்கத்தைவிட அகலம் விட்டுத் திரும்புங்கள். நல்லூர்த் திருவிழா நாட்களில் கோயிலைச் சுற்றிய வீதிகள் மூடியிருக்கும். திரும்ப இடமில்லாமல் அந்த நெரிசலுக்குள் மாட்டாமல் வேறு வழி எடுங்கள்.

19. லைற் இல்லாத பெட்டியை இரவில் இழுக்கக் கூடாது. பின்னால் இரண்டு சிவப்பு லைற், பிறேக் லைற், சிக்னல், இலக்கத்தகட்டுக்கு வெளிச்சம். இவற்றோடு இரண்டு சிவப்பு ஒளிதெறிப்பான் கட்டாயம். வயர் அறுந்தாலும் அவை வேலை செய்யும். காரின் பின் லைற் வயரைக் கீறி நேரே ஒட்டு வைத்தால் புதிய கார்களின் கொம்பியூட்டர் குழம்பும். ரிலே பெட்டி வைத்து எல்.ஈ.டி. லைற் பூட்டுங்கள். வட அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டிகள் பலவற்றில் பிறேக்குக்கும் சிக்னலுக்கும் ஒரே பல்ப், நாலு வயர் மட்டும். எங்கள் கார்களில் அவை வேறு வேறு. வயரைப் புதிதாக இழுப்பதே வழி.

20. பெட்டியின் ரயர் தேய்ந்து சாவதில்லை, கிடந்து சாகிறது. பக்கத்தில் நாலு இலக்கம் பொறித்திருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பக்கச் சுவரில் வெடிப்பு இருந்தால் தடிப்பு எவ்வளவு மிச்சம் இருந்தாலும் மாற்றுங்கள். முடிந்தால் பெட்டிக்கும் காரின் சில்லே பொருந்துகிற மாதிரி அச்சைப் போடுங்கள். ஒரு மேலதிகச் சில்லு இரண்டுக்கும் உதவும்.

21. புறப்பட்டுப் பத்துக் கிலோமீற்றர் போனதும் ஒரு முறை நிறுத்துங்கள். சில்லின் நடுப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள்: வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் பெயரிங்கில் கிறீஸ் இல்லை அல்லது இறுக்கம் பிழை. நட்டுகளையும் கயிற்றையும் அப்போதே பாருங்கள்.

22. சின்னப் படகோ வலையோ ஏற்றிக் காரைநகருக்கும் வல்வெட்டித்துறைக்கும் போகிறவர்களுக்கு: ஓடி வந்த சூட்டோடு சில்லைக் கடலில் இறக்காதீர்கள். சூடான பெயரிங் திடீரென்று குளிரும்போது உள்ளே இருக்கிற காற்றுச் சுருங்கி உப்புத் தண்ணீரை உறிஞ்சும். அரை மணித்தியாலம் ஆற விடுங்கள். வீட்டுக்கு வந்ததும் நன்னீரால் அச்சு, வில், கவ்வி எல்லாம் கழுவி, பெயரிங்குக்குக் கிறீஸ் அடியுங்கள். கடலில் இறங்காவிட்டாலும் பண்ணையால் போய் வந்தாலே உப்பு ஒட்டும். ஈர மணலில் இறங்குகிற கரையில் முன்சில்லு இழுக்கும் சின்னக் கார் சறுக்கிக்கொண்டே நிற்கும். அந்த இடத்தில் கழற்றி ஆட்களால் இழுப்பதுதான் முறை.

23. மாரியில் ஐப்பசி முதல் மார்கழி வரை ஒழுங்கைகளில் வெள்ளம் நிற்கும். பெட்டியோடு வெள்ளத்தில் இறங்கினால் பின்னுக்கு எடுக்கவும் கஷ்டம், நடுவில் நின்றால் தள்ளவும் கஷ்டம். ஆழம் தெரியாத தண்ணீருக்குள் போகவே வேண்டாம்.

24. பத்திரங்கள்: பெட்டிக்கும் தனிப் பதிவும் இலக்கத்தகடும் உண்டு, ரக்டர் பெட்டிகளில் பார்த்திருப்பீர்கள். அடிப்பிக்கும் முன்பே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் என்ன அளவு, என்ன பத்திரம் என்று கேளுங்கள். அடித்துவிட்டுப் பதிய முடியாமல் நின்றால் இரும்பு விலைக்குத்தான் போகும். உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தின் வகுப்பு பெட்டி இழுக்க இடம் கொடுக்கிறதா என்பதையும் அங்கேயே கேளுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்து, எழுத்தில் பதில் வாங்குங்கள். வாயால் சொன்ன "ஓம்" விபத்து நாளில் உதவாது.

25. கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதத்துக்கு ஒரு தரம்கூடச் சுமை இல்லாதவருக்குப் பெட்டியும் கொழுவும் சட்டமும் பதிவும் காப்புறுதியும் கட்டுப்படியாகாது. ஒரு பட்டா (சின்ன லொறி) பிடித்தால் நாலு நடையில் நீங்கள் இழுப்பதை ஒரே நடையில் கொண்டுவந்து இறக்கிவிடும். தோட்டம் வைத்திருந்து கிழமைக்கு இரண்டு தரம் நாலைந்து மூடை வெங்காயத்தைத் திருநெல்வேலிச் சந்தைக்கோ சுன்னாகத்துக்கோ கொண்டு போகிறவருக்குப் பெட்டி நல்ல துணை. மணல், கல், சல்லி பெருமளவில் வேண்டும் என்றால் இரண்டாம் பேச்சில்லை, பட்டாவோ ரக்டரோதான்.

26. வேலை முடிந்ததும் பெட்டியை வெய்யிலில் சில்லோடு நிறுத்தி விடாதீர்கள். அச்சுக்குக் கீழே கல் வைத்து ரயரை நிலத்திலிருந்து தூக்குங்கள். ரயருக்குப் பழைய சாக்கைப் போர்த்துங்கள். முன்தண்டைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தால் மழைத் தண்ணீர் பின்னால் ஓடிவிடும். கவ்விக்குள் கிறீஸ் தடவி, மண் போகாமல் ஒரு பொலித்தீன் பையால் கட்டுங்கள். காரின் குமிழையும் அப்படியே மூடுங்கள். கழற்றக்கூடிய குமிழ் என்றால் கழற்றி உள்ளே வையுங்கள், இருட்டில் முற்றத்தால் போகிற பிள்ளைகளின் காலில் இடிக்காமல் இருக்கும்.